கேட்டதை ஆராய்ந்த மேதை சர் சி.வி. ராமன்

பெங்களூரு மாநகரின் நீலசந்திரா, தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்துவரும் பகுதி. அங்குள்ள ஏதேனும் ஒரு வீட்டில் பள்ளிப் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வானத்தின் நிறம் கடலில் பிரதிபலிக்கிறது என்ற விடை பெரும்பாலும் உடனே வரும். அந்த விடை எங்கிருந்து கிடைத்தது என்று மேலும் கேட்டால், யாரோ சொன்னார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் வராது. வயதில் மூத்தவர்களான நம்முடைய நிலையும் பல விஷயங்களில் இதுதான். கேட்டதை நம்புகிறோம், நம்பியதைப் பிறருக்குச் சொல்கிறோம், இடையில் ஆராய்வது என்ற ஒரு படி இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் ஞானத்தை அடையும் வழியை சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று மூன்று படிகளாக வகுத்தனர். முதலில் கேட்க வேண்டும். பிறகு கேட்டதை யுக்தியால் ஆராய்ந்து ஐயங்களைப் போக்கிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே அதில் ஆழ்ந்து நிலைக்க வேண்டும். நடுப்படியாகிய மனனத்தை விட்டுவிட்டு மூன்றாவது படிக்குத் தாவ முடியாது. சொல்பவர் எத்துணை உயர்ந்தவராயினும், ஆராயும் கடமை கேட்பவனுக்கே உரியது.

இந்த மனனத்தை விஞ்ஞானத் துறையில் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த ஒருவர், தம் வாழ்வின் கடைசி 37 ஆண்டுகளை இதே பெங்களூருவில் கழித்தார். அவரே சர் சி.வி. ராமன். அவருடைய வெற்றிகளிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு. அவர் தவறிய இடங்களிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு.

இளமைப் பருவம்

சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளுள் ராமன் இரண்டாமவர். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் பணி கிடைக்கவே, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. வீட்டில் செல்வம் மிகுதியாக இல்லை. ஆனால் புத்தகங்களும் இசையும் இருந்தன.

சிறு வயதில் தம் உள்ளத்தை உருவாக்கிய நூல்களாக ராமன் பிற்காலத்தில் மூன்றைக் குறிப்பிட்டார். ஒன்று, எட்வின் ஆர்னால்டு எழுதிய புத்தர் வரலாறான 'ஆசியாவின் ஒளி'. இரண்டாவது, யூக்ளிடின் வடிவகணிதம். மூன்றாவது, ஒலியுணர்வைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல். உண்மையைத் தேடி அரண்மனையைத் துறந்த ஒருவரின் கதை, ஒவ்வொரு படியையும் நிரூபித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லும் கணிதம், இசையையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தும் விஞ்ஞானம் ஆகிய மூன்றும் அவருடைய பிற்கால வாழ்வில் ஒன்றாகக் கலந்து நின்றதைக் காண்கிறோம்.

பதினோராவது வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்ற ராமன், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்று, இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். அக்கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, சாய்வாக விழும் ஒளி ஒரு செவ்வகத் துளையின் வழியே செல்லும்போது தோன்றும் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கண்டார். பாடநூலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால், தன் கண்ணையே சந்தேகித்து விட்டுவிடுவதுதான் பெரும்பாலான மாணவரின் இயல்பு. ராமன் அதை விடவில்லை. அளந்து, கணக்கிட்டு, கட்டுரையாக எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1906 நவம்பரில், அவருக்கு 18 வயது நிறைந்த மாதத்தில், 'பிலாசபிகல் மேகசின்' என்னும் புகழ்பெற்ற இதழில் அவர் பெயர் மட்டுமே தாங்கி அக்கட்டுரை வெளிவந்தது.

அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

மேல்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவருடைய உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் கூறிவிட்டார். அந்நாளில் விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொள்ள இந்தியருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனவே நிதித்துறைப் பணிக்கான தேர்வை எழுதி அதிலும் முதலிடம் பெற்றார். 1907-இல் லோகசுந்தரி அம்மாளை மணந்து, அவ்வாண்டே கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார்.

ஒருநாள் பௌபஜார் தெருவழியே டிராம் வண்டியில் செல்லும்போது, இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அமைப்பு அது. இந்தியர் தம் சொந்த முயற்சியால் விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற பெருங்கனவுடன் தொடங்கப்பட்டும், ஆய்வாளர் இல்லாமல் அது வெறிச்சோடிக் கிடந்தது. ராமன் அங்கே ஆராய்ச்சி செய்ய அனுமதி பெற்றார். அதிகாலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம், இரவு வெகுநேரம் கழித்து வீடு என்று பத்தாண்டுக் காலம் அவர் வாழ்க்கை ஓடியது. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் ஆராய்ச்சி தடைப்படவில்லை.

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய சர் அசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். ஊதியம் அப்போது அவர் பெற்றுவந்ததில் ஏறத்தாழப் பாதிதான். அப்பதவிக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. அதை ஏற்பவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்றுவர வேண்டும். ஊதியக் குறைவை ராமன் பொருட்படுத்தவில்லை. ஆனால் பயிற்சிக்காக வெளிநாடு செல்ல மறுத்துவிட்டார். தம் ஆய்வுகள் உலக இதழ்களில் வெளிவந்துகொண்டிருக்கையில், கடல் கடந்து சென்றதாலேயே ஒருவர் தகுதி பெறுகிறார் என்ற எண்ணத்தை அவரால் ஏற்க இயலவில்லை. அசுதோஷ் முகர்ஜி அந்த நிபந்தனையையே தளர்த்தி அவரை ஏற்றுக்கொண்டார்.

மிருதங்கம் சொன்ன செய்தி

ராமனின் சுயசிந்தனைக்கு அவருடைய மிருதங்க ஆராய்ச்சி நல்ல எடுத்துக்காட்டு. தோல் கட்டிய வட்டக் கருவியிலிருந்து எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து ஒலிப்பதில்லை. ஆதலால் முரசு வகைகள் இசைக்கருவி என்பதைவிட ஓசைக்கருவி என்றே கொள்ளத்தக்கவை என்பது மேலைநாட்டு ஒலியியலின் முடிவாக இருந்தது. கணக்கும் அதையே காட்டியது.

ஆனால் மிருதங்கத்தைக் கேட்டு வளர்ந்த ராமனின் செவி வேறு கூறியது. அவர் அந்தச் செவியையும் அப்படியே நம்பிவிடவில்லை, சோதனை செய்தார். வலந்தலையின் நடுவே பூசப்படும் கரிய கரணை, தோலின் எடையை ஓரிடத்தில் கூட்டி, அதன் அதிர்வுகளை மாற்றிவிடுகிறது. அதனால் மிருதங்கத்திலும் தபலாவிலும் மேல்சுரங்கள் தந்திக் கருவியில் உள்ளவைபோல இசைந்து எழுகின்றன. 1920-இல் இதை உலகுக்கு வெளியிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலைநாட்டவர் சொன்னார்கள் என்பதற்காக அவர் அதை ஏற்கவுமில்லை. நம் நாட்டது என்பதற்காக மிருதங்கத்தைப் புகழவுமில்லை. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். மேலைநாட்டுக் கணக்கு சாதாரணத் தோலுக்குச் சரி. கரணை பூசிய தோலுக்குப் பொருந்தாது. பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் செவியால் கண்டறிந்த ஒன்றுக்கு இப்படித்தான் காரணம் கிடைத்தது.

கடலின் நீலம்

1921-இல் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டில் கலந்துகொள்ள ராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். திரும்பும்போது 'நர்குண்டா' என்ற கப்பலில் பயணம் செய்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது லார்டு ராலேயின் கருத்து. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை உலகுக்கு விளக்கியவரே அவர்தான். 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரிடம் ராமனுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் மதிப்பு வேறு, சோதனை வேறு.

ராமன் சிந்தித்த வழி எளியது. கடலின் நீலம் வெறும் பிரதிபலிப்பானால், அந்தப் பிரதிபலிப்பை நீக்கிவிட்டால் நீலமும் மறைய வேண்டும். நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியை உரிய கோணத்தில் பிடித்துத் திருப்பினால், அந்த ஒளி கண்ணுக்கு வராமல் தடுத்துவிடலாம். ராமனின் சட்டைப்பைக்குள் அடங்கக்கூடிய அக்கருவிதான் கப்பலில் அவருடைய ஆய்வுக்கூடம். அதன் வழியே கடலை நோக்கினார். மேற்பரப்பின் பளபளப்பு மறைந்தது. ஆனால் நீலம் மறையவில்லை; முன்னிலும் செறிவாகத் தெரிந்தது!

எனவே நீலம் நீரிலிருந்தே வருகிறது என்று தெளிந்தார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என்று முடிவு செய்து, பயணத்தின்போதே 'நேச்சர்' இதழுக்குக் குறிப்பு எழுதினார். நீர் தன்னுள் புகும் ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்திற்கு முக்கியக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஆக, ராமனின் விடையும் முழுமையான இறுதி விடை அன்று. ஆயினும், வெறும் பிரதிபலிப்பு என்ற கருத்து அந்தச் சிறு பட்டகத்தின் முன் நிற்க முடியாமல் போயிற்று.

கழுவியும் போகாத கறை

கல்கத்தா திரும்பிய ராமன், திரவங்களில் ஒளி சிதறுவதைப் பற்றி மாணவர்களுடன் விரிவான ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1923-இல் கே.ஆர். ராமநாதன் நீரில் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தபோது, சிதறிய ஒளியில் மிக மங்கலாக வேறொரு நிறமும் கலந்திருப்பதைக் கண்டார். நீரில் உள்ள அழுக்கால் எழும் ஒளிர்வு என்று விளக்கம் கூறப்பட்டது. அந்த விளக்கத்தோடு பலர் நிறைவடைந்திருப்பர். ஆனால் விளக்கம் உண்மையானால், அழுக்கை நீக்கினால் அந்த ஒளி மறைய வேண்டுமே! திரவங்கள் மீண்டும் மீண்டும் வடிக்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டன. ஒளி மறையவில்லை. பின்னர் கே.எஸ். கிருஷ்ணன் ஆராய்ந்தபோதும் அது இருந்தது. கிளிசரினை ஆராய்ந்த வெங்கடேஸ்வரன், சிதறிய ஒளி வழக்கமான நீலத்திற்குப் பதிலாகப் பச்சையாகத் தெரிவதைக் கண்டார்.

1928 தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் முழு மூச்சுடன் இதில் இறங்கினர். ஏறத்தாழ 60 திரவங்களில் சோதித்தும் அந்தப் புதிய ஒளி தோன்றியது. அழுக்கு என்ற விளக்கம் வீழ்ந்தது. மூலக்கூறின்மேல் படும் ஒளியில் மிகச் சிறு பகுதி, அம்மூலக்கூறுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ, நிறம் மாறி வெளிவருகிறது என்பதே உண்மை. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் பாதரச விளக்கின் ஒளியையும் நிறமாலைமானியையும் கொண்டு அது ஐயமறக் காணப்பட்டது. மார்ச் 16-ஆம் நாள் ராமன் அதை விரிவாக எடுத்துரைத்தது பெங்களூருவில்தான். தென்னிந்திய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் புதிய கதிர்வீச்சைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து விஞ்ஞானத்திற்காக அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே.

ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் ஒளியில் தனக்கே உரிய முத்திரையைப் பதிக்கிறது. அதனால் மருந்தின் தூய்மையை அறியவும், மணிகளின் உண்மைத் தன்மையைக் காணவும் ராமன் விளைவு இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

பெங்களூரு வாழ்வும் பிழைகளும்

1933-இல் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக ராமன் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. 1934-இல் இந்திய விஞ்ஞான அகாதமியை நிறுவினார். நிர்வாகத்தில் எழுந்த கருத்து வேறுபாடுகளால் 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு, 1948 வரை பேராசிரியராக நீடித்தார். பிறகு மைசூர் அரசு அளித்த நிலத்தில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். ஆராய்ச்சியின் சுதந்திரம் பறிபோகும் என்ற எண்ணத்தால், தம் காலத்தில் அந்நிலையத்திற்கு அரசின் மானியத்தை அவர் நாடவில்லை. 1954-இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது.

பெரியோரின் வாழ்வை எழுதும்போது குறைகளை மறைப்பது மரியாதை என்று சிலர் கருதுவர். ஆராய்ச்சியையே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு அத்தகைய மரியாதை பொருந்தாது.

1933-இல் கமலா பாக்வத் என்னும் மாணவி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறி, கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் ராமன் அவரை ஏற்க மறுத்தார். ராலேயின் கருத்தைச் சோதிக்காமல் ஏற்காத அவர், பெண்களால் ஆராய்ச்சி ஆகாது என்ற பழைய கருத்தைச் சோதிக்காமலே ஏற்றிருந்தார்! கமலா விடவில்லை, தம் உரிமையை வலியுறுத்தி நின்றார். முடிவில் ஓராண்டு சோதனைக் காலமாக அவர் சேர்க்கப்பட்டார். அவருடைய உழைப்பைக் கண்ட ராமன் தம் தடையை விலக்கிக்கொண்டார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1940-இல் ராமனின் ஆய்வுக்கூடத்திலேயே அன்னா மணி சேர்ந்து, வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து, பின்னாளில் இந்திய வானிலைத் துறையில் புகழ்பெற்றார். சான்றின் முன் ராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது உண்மை. அந்தச் சான்றை உருவாக்கும் சுமையை ஓர் இளம்பெண் தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மையே.

இன்னொன்று, படிகங்களின் அதிர்வு பற்றியது. ஜெர்மனியில் நாஜிகளால் பதவி இழந்த மாக்ஸ் பார்ன் என்னும் மேதையைப் பெங்களூருவுக்கு அழைத்துப் பெருமைப்படுத்தியவர் ராமன். ஆனால் 1940-களில், படிகத்தில் அணுக்கள் அதிரும் முறை பற்றிய பார்னின் கொள்கையை ராமன் கடுமையாக மறுத்து, தம் சொந்தக் கொள்கை ஒன்றை முன்வைத்தார். பின்னர் வந்த நியூட்ரான் சிதறல் சோதனைகள் பார்னின் வழியையே உறுதி செய்தன. ராமன் கடைசிவரை தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

முன்னொரு காலத்தில் கடலின் முன் நின்ற ராமனும் உலகத்துக்கு எதிராகத் தனித்து நின்றார். இப்போதும் தனித்தே நின்றார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படியானால் சுயசிந்தனைக்கும் பிடிவாதத்திற்கும் என்ன வேறுபாடு? சுயசிந்தனை உடையவன் பிறர் கருத்தை எவ்வாறு சோதிக்கிறானோ, அவ்வாறே தன் கருத்தையும் சோதிக்கிறான். தன் கருத்து எந்தச் சான்றின் முன் வீழும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறான். அந்தக் கேள்வியைக் கைவிட்ட கணத்தில் மிகப் பெரிய அறிவும் அகங்காரத்தின் பணியாளாகிவிடுகிறது. ஆன்மிக சாதகர்கள் நாள்தோறும் எதிர்த்துப் போராடும் எதிரியும் அதே அகங்காரந்தானே!

மரமே நினைவுச் சின்னம்

முதுமையிலும் ராமனின் வியப்பு குறையவில்லை. பூக்களின் நிறங்களையும் மணிகளின் ஒளியையும் கண்ணின் பார்வையையும் ஆராய்ந்தார். நிலையத்தின் தோட்டத்தில் மரங்களிடையே உலாவுவது அவருக்குப் பேரின்பம். ஆண்டுதோறும் காந்தியடிகளின் பிறந்த நாளில் பொதுமக்களுக்கு விஞ்ஞானச் சொற்பொழிவு ஆற்றிவந்தார். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், தம் 82-ஆம் வயது நிறைந்த இரு வாரங்களில் மறைந்தார். அவர் உடல் நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் கல்லறையோ சிலையோ எழுப்பப்படவில்லை. ஒரு மரம் நடப்பட்டது. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நீலசந்திராவிலிருந்து அந்த மரம் நிற்கும் இடம் அதே நகரின் வட பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் ராமனின் வழியில் நடக்க அவ்வளவு தூரமும் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு செய்தி வந்தால், இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்போம். இது உண்மையானால் வேறு என்ன நிகழ வேண்டும் என்று யோசித்து, அது நிகழ்கிறதா என்று பார்ப்போம். நமக்குப் பிடித்த கருத்தையும் அதே அளவுகோலால் அளப்போம். குழந்தை கேள்வி கேட்டால், பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள் என்று வாயடைக்காமல், வா, சேர்ந்து பார்ப்போம் என்று அழைத்துச் செல்வோம்.

கேட்பது எளிது, நம்புவது அதனினும் எளிது. இரண்டுக்கும் நடுவே நின்று ஆராய்வதற்குத் துணிவு வேண்டும். ஆராய்ந்தபின் தன் தவற்றை ஒப்புக்கொள்ள அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். அவ்விரண்டு துணிவையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அதைவிடச் சிறந்த செல்வத்தை நாம் அவர்களுக்கு விட்டுச்செல்ல முடியாது.